சாலை போகாத இன்வெரி: ஒரு நடைப்பயணத்தின் நிகழ்வு ஆய்வு

ஸ்காட்லாந்தில் பாரிஸ்டேல் என்ற இடத்தில் இருக்கும் கற்குடிலின் வாசலில் உட்கார்ந்து, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நான்கு வரி எழுதினேன். ஐந்து பேரும் நலம். ஒருவருக்குக் குதிகாலில் கொப்புளம். இன்று இரவு இங்கேயே தங்குகிறோம். நாளை மதியத்துக்குள் வந்துவிடுவோம். அந்தத் தாளை, மலையைக் கடந்து இன்வெரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தம்பதியிடம் கொடுத்து, நாங்கள் தங்கவிருந்த வீட்டில் சேர்க்கச் சொன்னோம். யார் கைபேசியிலும் சிக்னல் இல்லை. அந்த வீட்டில் எங்களுக்கு ஐந்து படுக்கை போட்டுவைத்திருந்தார்கள். இரவு ஏழு மணிக்கு வந்துவிடுவோம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

அந்த ஐந்து நாளில் என்ன நடந்தது, எங்கே கணக்குப் பிசகியது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன். எழுத எழுத, எங்கள் நடையைவிட அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதுதான் அதிகம் என்று பட்டது. அதனால் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஊர்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் நொய்டார்ட் என்று ஒரு தீபகற்பம் இருக்கிறது. அதன் வடக்கே ஹூர்ன், தெற்கே நெவிஸ் என்று இரண்டு கழிகள். கடல் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து, இரண்டு பக்கமும் மலை எழுந்து நிற்கும் கழிகள் அவை. ஹூர்ன் என்றால் நரகம், நெவிஸ் என்றால் சொர்க்கம், நடுவில் இருப்பது நொய்டார்ட் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. நெவிஸ் கழியின் கரையில் வெள்ளை வீடுகள் ஒரே வரிசையாக இருக்கும் ஊர்தான் இன்வெரி.

இது தீவு இல்லை. பிரிட்டனின் பெருநிலத்தோடு ஒட்டியே இருக்கிறது. ஆனாலும் நாட்டின் எந்தச் சாலையும் இங்கே வந்து சேராது. ஊருக்குள் சில கிலோமீட்டர் சாலை இருக்கிறது, அதில் வண்டிகளும் ஓடுகின்றன. அந்தச் சாலை தீபகற்பத்தை விட்டு வெளியே போவதில்லை, அவ்வளவுதான். வர வேண்டும் என்றால் மாலெய்க் துறைமுகத்திலிருந்து படகு ஏற வேண்டும். அரை மணி, முக்கால் மணி ஆகும். இல்லையென்றால் நடக்க வேண்டும். கின்லோக் ஹூர்ன் என்ற இடத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கிளென்ஃபின்னன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் இரண்டு நாள் பிடிக்கும்.

தீபகற்பம் முழுவதும் சேர்த்து நூற்றுச் சொச்சம் பேர் குடியிருக்கிறார்கள். ஒரு கடை, ஒரு தேநீர்க் கடை, ஒரு தொடக்கப் பள்ளி, ஊர்க்கூடம், நடைக்காரர்கள் தங்க ஒரு பொதுவிடுதி, ஒரு பப். நாட்டின் மின்கட்டமைப்பு இங்கே வருவதில்லை. மலை மேலே ஓர் ஏரியில் அணை கட்டி, அந்தத் தண்ணீரைக் குழாயில் இறக்கி ஊரே தனக்கு மின்சாரம் எடுத்துக்கொள்கிறது.

நடக்க வருகிறவர்களை இங்கே இழுப்பது, மலையும் கடலும் ஒரே இடத்தில் இருப்பதுதான். நமது கணக்கில் சொன்னால் குறிஞ்சியும் நெய்தலும் வரப்பு இல்லாமல் ஒட்டிக் கிடக்கும் நிலம். லார்வென் என்று உச்சரிக்கப்படும் பெரிய மலை 1,020 மீட்டர். கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் கால் வைக்கும் இடம் கடல்மட்டம். அத்தனை மீட்டரையும் ஏறித்தான் தீர்க்க வேண்டும். உச்சிக்குப் போய் வர எட்டு முதல் பத்து மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறார்கள். அது மிகையில்லை.

ஆளில்லாத மலை எப்படி வந்தது

நொய்டார்டைப் பற்றி ஆங்கிலத்தில் எதைப் படித்தாலும் பிரிட்டனின் கடைசிக் காட்டுநிலம், மனிதக் கை படாத இடம் என்று எழுதியிருக்கும். நானும் அதை நம்பித்தான் கிளம்பினேன். இப்போது அந்தச் சொற்களைப் படித்தால் மனம் ஒப்புவதில்லை.

இந்த நிலம் மெக்டொனெல் குடும்பத்தின் கையில் இருந்தது. கரையோரமெல்லாம் சிறு குடியானவர்கள். உருளைக்கிழங்கு, கொஞ்சம் மாடு, ஹெர்ரிங் மீன். 1840களில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பஞ்சம் வந்தது, குத்தகைப் பாக்கி ஏறியது. பின்னர் குடும்பத் தலைவர் இறந்தார். மகன் சிறுவன் என்பதால் தாய் ஜோசபின் மெக்டொனெல் பொறுப்பேற்றார். ஆடு வளர்ப்பவர்களுக்கு நிலத்தைக் கொடுத்தால் வருமானம் அதிகம். அதற்கு ஆட்கள் போக வேண்டும். 1853இல் சிலரி என்ற கப்பல் வந்து நின்றது. 300க்கும் மேற்பட்டவர்களைக் கனடாவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். போக மறுத்தவர்களின் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். இடிந்த சுவரோரம் துணியும் கம்பும் வைத்துப் படுத்தவர்களின் கூரையையும் திரும்பத் திரும்ப வந்து பிடுங்கிப் போட்டார்கள். அப்புறம் ஆடு வந்தது. ஆட்டுக்குப் பின்னால் பணக்காரர்களின் வேட்டைக்காக மான் வந்தது. மான் பெருகிப் புதிய மரம் எதையும் தலைதூக்க விடவில்லை. இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் அந்த வழவழப்பான பச்சை மலைச்சரிவு இப்படி வந்ததுதான்.

நமது திணை மரபில் நிலம் என்று சொன்னாலே அதில் ஆள் இருப்பார்கள். அவர்களின் தொழில், தெய்வம், பறை, உணவு எல்லாம் சேர்ந்ததுதான் நிலம். ஆளை எடுத்துவிட்டு மீதியை மட்டும் அழகு என்று பார்க்க எனக்கு வரவில்லை. ஹூர்ன் கழியோரப் பாதையில் பெரணிச் செடிக்குள் இடுப்புயரக் கற்சுவர்கள் தெரியும். ஒன்றின் அருகில் நின்று பார்த்தேன். அடுப்பு இருந்த பக்கத்துக் கல் இன்னும் கறுத்திருந்தது போலத் தோன்றியது. நூற்று எழுபது வருட மழைக்குப் பின் அது பாசியாகத்தான் இருக்கும். இருந்தாலும் அதைத் தொட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

1948இல் இன்னொரு முயற்சி நடந்தது. அப்போது உரிமையாளர் ப்ரொக்கெட் பிரபு. போருக்கு முன் நாஜிகளோடு நட்புப் பாராட்டியவர். போரிலிருந்து திரும்பியவர்கள் உட்பட உள்ளூர் ஆண்கள் ஏழு பேர் நிலத்தில் இறங்கி, இது எங்கள் பங்கு என்று அடையாளமிட்டார்கள். நீதிமன்றத் தடை வந்தது. சட்டப்படி போவோம் என்று நம்பி வெளியேறினார்கள். அரசு அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 1991இல் அவர்களுக்காக இன்வெரியில் ஒரு கல் நினைவுக்குவியல் எழுப்பப்பட்டது. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கிலும் ஆங்கிலத்திலும் எழுத்து பொறித்திருக்கிறது.

அப்புறமும் நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ராணுவப் பயிற்சிக்கு வாங்கலாம் என்ற பேச்சு எழுந்து, அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. காட்டுநிலங்களைக் காக்கும் ஜான் மியூர் அறக்கட்டளை 1983இல் உருவானதற்கு அது ஒரு காரணம். அந்த அறக்கட்டளை 1987இல் முதன்முதலாக வாங்கிய நிலமும் லார்வெனின் வடக்குச் சரிவுதான். கடைசியில், நிலத்தை வைத்திருந்த நிறுவனம் கடனில் முழுகியபோது ஊர்மக்கள் துணிந்தார்கள். 1999 மார்ச்சில் நொய்டார்ட் ஃபவுண்டேஷன் 17,200 ஏக்கரை 7,50,000 பவுண்டுக்கு வாங்கியது. ஊர்மக்களும் அந்தப் பகுதியின் உள்ளாட்சியான ஹைலேண்ட் கவுன்சிலும் ஜான் மியூர் அறக்கட்டளையும் இன்னும் சிலரும் சேர்ந்த அமைப்பு அது. 2022இல் பப்பையும் ஊரே பங்கு சேர்த்து வாங்கிக்கொண்டது. பிரிட்டன் பெருநிலத்தின் மிகத் தொலைவான பப் என்று கின்னஸில் இடம்பெற்ற பப் அது.

நடந்தது

நாங்கள் ஐந்து பேரும் கிளாஸ்கோவில் வேலை பார்ப்பவர்கள். அந்த ஐவரில் நண்பர் ஒருவரின் அக்காவும் உண்டு. எங்களில் மூத்தவர் அவர்தான். மே மாதக் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். இந்த மலைநாட்டில், அதாவது மேற்கு ஹைலேண்ட்ஸில், ஏப்ரல் முதல் ஜூன் வரை மழை ஒப்பீட்டளவில் குறைவு. மிட்ஜ் என்ற கடிபூச்சி பெருகுவதற்கும் கொஞ்சம் நாள் இருக்கும். ஒன்பதரை மணி தாண்டியும் வெளிச்சம் உண்டு. இந்த வெளிச்சம்தான் எங்களைக் கொஞ்சம் மெத்தனமாக்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

கிளாஸ்கோவிலிருந்து பேருந்தில் இன்வர்கேரி, அங்கிருந்து வாடகை வண்டி. கின்லோக் ஹூர்னுக்குப் போகும் சாலை 35 கிலோமீட்டர், ஒரு வண்டி மட்டும் போகும் அகலம், கடலோரம் போய் முடிந்துவிடும். இறங்கி முதுகுப்பையை மாட்டும்போது மணி பதினொன்று.

திட்டத்தை நான் தாளில் போட்டிருந்தேன். மலை நடைக்கு நேரம் கணிக்க ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நேஸ்மித் 1892இல் ஒரு விதி சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 25 கிலோமீட்டருக்கு ஐந்து மணி. வழியெல்லாம் உள்ள ஏற்றத்தைக் கூட்டினால் 800 மீட்டருக்கு மேல் வரும், அதற்கு ஒன்றரை. ஆக ஆறரை மணி. ஓய்வுக்கு ஒன்றரை சேர்த்து ஏழு மணிக்கு ஊர். தாளில் எந்தத் தவறும் இல்லை.

பாதை கழியை ஒட்டியே போகிறது. முதல் அரை மணி சமதளம். அப்புறம் பாறை முகடு ஒன்று நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பாதை அதன் மேல் ஏறி மறுபக்கம் இறங்கும். மறுபடி கரை. மறுபடி ஏற்றம். எந்த ஏற்றமும் பெரிதில்லை, ஆனால் கால் ஒரே தாளத்துக்கு வரவே விடாது. முந்தைய நாள் மழையில் கல்லெல்லாம் வழுக்கியது. மேலிருந்து சிற்றோடைகள் பாதையைக் குறுக்கே வெட்டிப் போயின. எங்கள் பைகளோ ஆளுக்குப் பதினைந்து கிலோ. ஐந்து நாளைக்கும் அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரொட்டி என்று எல்லாவற்றையும் சுமந்து வந்திருந்தோம். இரண்டு மணிக்குக் கரையோரப் பாறையில் புளியோதரையைப் பிரித்தபோது, நீருக்குள்ளிருந்து ஒரு கடல்நாய் தலையை மட்டும் தூக்கி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அரை மணி நேரத்தை நான் எதற்கும் விட்டுத்தர மாட்டேன்.

எழுந்தபோதுதான் அக்கா நொண்டுவது தெரிந்தது. புது பூட்ஸ். காலையிலிருந்தே உறுத்தியிருக்கிறது, எங்களைத் தாமதப்படுத்த வேண்டாமே என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். பாரிஸ்டேல் வந்து சேர்ந்தபோது நாலரை. பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு ஐந்தரை மணி நேரம். குடில் வாசலில் காலுறையைக் கழற்றினால், குதிகாலில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் உரிந்து, காலுறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்னும் 14 கிலோமீட்டர். நடுவில் மாம் பாரிஸ்டேல் கணவாய், 450 மீட்டர்.

"நீங்க நாலு பேரும் போங்கப்பா. நான் ராத்திரி இங்க இருந்துட்டு காலையில மெதுவா வர்றேன்" என்றார் அக்கா.

"அதெல்லாம் முடியாதுக்கா. இருந்தா எல்லாரும் இருப்போம்" என்றான் அவர் தம்பி. அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த மாதிரி இடங்களில் ஸ்காட்லாந்தில் நடைக்காரர்களுக்காகக் குடில்கள் உண்டு. போத்தி என்பார்கள். பெரும்பாலும் படுக்க மேடையும் ஒரு மேசையும் இருக்கும். பாரிஸ்டேல் குடில் தனியார் எஸ்டேட்டுடையது. கட்டணத்தை உண்டியலில் போட வேண்டும், யாரும் வந்து கேட்பதில்லை. இடம் கிடைத்தது. சாப்பாடும் கையில் இருந்தது. எங்களை உறுத்தியது அந்த ஐந்து படுக்கை. ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன ஐந்து பேர் இரவு பத்துக்கும் வரவில்லை என்றால் அந்த வீட்டு அம்மாள் என்ன நினைப்பார்? மலை மீட்புக் குழுவைக் கூப்பிடலாம். அந்தக் குழுவினர் எல்லாருமே சம்பளம் வாங்காத தொண்டர்கள். மறுநாள் தங்கள் வேலைக்குப் போக வேண்டியவர்கள். எங்கள் தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் இருட்டில் எங்களைத் தேடி மலையேறுவதை நினைத்தால் வயிற்றைப் பிசைந்தது. அப்போதுதான் அந்தத் தம்பதி பின்னால் நடந்து வந்தார்கள். சீட்டை எழுதினேன்.

மறுநாள் கொப்புளத்துக்குப் பட்டை போட்டு, அக்காவின் பையை நால்வரும் பகிர்ந்துகொண்டு, ஏழு மணிக்குக் கிளம்பினோம். கணவாயில் காற்று ஆளைத் தள்ளியது. மேலே நின்று திரும்பினால் ஹூர்ன், முன்னால் இன்வெரிப் பக்கத்துப் பள்ளத்தாக்கு, கீழே ஏரி ஒன்று கறுத்துக் கிடந்தது. பன்னிரண்டரைக்கு ஊர். அந்த அம்மாள் எங்கள் தாளை மடித்து அடுப்புத் திட்டில் ஒரு குவளைக்குக் கீழே வைத்திருந்தார். இரவு ஒன்பதரைக்கு வந்ததாம். பத்து மணி வரை பார்த்துவிட்டு, படகுக்காரரிடமும் காவல்துறையிடமும் சொல்வதாக இருந்தாராம். திட்டவில்லை. அக்காவைத்தான் முதலில் உட்காரவைத்துக் காலைப் பார்த்தார்.

ஊரில் மூன்று நாள்

லார்வென் ஏறவில்லை. ஒதுக்கிய ஒரே நாளில் மேகம் 500 மீட்டருக்கு இறங்கி நின்றது. இருவர் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பினார்கள். அது சரியான முடிவு. அந்த மலையின் முகடு குறுகலானது, வடக்கே செங்குத்து. பதிலுக்குக் கரையோரமாக நடந்தோம். ஒரு நாள் ஊர்ச்சாலை வழியே ஏரர் என்ற கரையோரக் குடியிருப்பின் பக்கம். எதிரே ஸ்கை தீவு மழைக்குள் வருவதும் போவதுமாக இருந்தது. இன்னொரு நாள் ஊருக்கு மேலே உள்ள காட்டுப் பாதை. நிலம் கைக்கு வந்த பிறகு ஊரார் மரம் நட்டு, மான் புகாதபடி வேலி போட்டு வளர்க்கிறார்கள். வேலிக்கு வெளியே புல் மட்டும். உள்ளே பிர்ச், ரோவன், நடுவே பறவைச் சத்தம். ஒரே மலை, ஒரே மழை. நடுவில் ஒரு கம்பிவேலி. நொய்டார்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லி விளக்காததை அந்த வேலி விளக்கியது.

ஸ்காட்லாந்தில் நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் எவருடைய திறந்த நிலத்திலும் நடக்கலாம், கூடாரம் போடலாம் என்கிறது. மான் வேட்டைக் காலத்தில், முக்கியமாக ஆகஸ்ட் முதல் அக்டோபர் 20 வரை, எந்தப் பக்கம் சுடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போவது முறை. நாய் கூட வந்தால் ஆட்டுக்குட்டி உள்ள பக்கம் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். உண்ணி ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு இரவும் கால் மடிப்பெல்லாம் பார்க்க வேண்டும். எங்களில் இருவருக்கு இருந்தது.

சாலை இல்லாதது நடக்க வருகிறவனுக்கு வரம். குடியிருப்பவர்களுக்கு அப்படி ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. சிமென்ட் மூட்டை முதல் துணி துவைக்கும் எந்திரம் வரை படகில்தான் வர வேண்டும். நோயாளி போவதும் படகில் அல்லது ஹெலிகாப்டரில். வேலை இருக்கிறது, குடியிருக்க வீடு கிடைப்பதில்லை. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டால் வரும் காசு, வருடம் முழுக்கக் குடியிருப்பவர் தரும் வாடகையைவிட அதிகம் என்பது எந்தச் சுற்றுலா ஊருக்கும் பொதுவான சிக்கல்தான். நூற்றுச் சொச்சம் பேர் உள்ள ஊரில் ஒரு குடும்பம் வெளியேறினால் பள்ளிக்கூடத்தில் தெரியும்.

எங்கே பிசகியது

நேஸ்மித் விதியைக் குறை சொல்ல மாட்டேன். அது உடல் பழகிய, பாரம் குறைந்த, நல்ல பாதையில் போகிற ஆளுக்கானது. நான் அதில் எங்கள் ஐந்து பேரைப் பொருத்தினேன். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் வேகத்தில் கணக்குப் போட்டிருந்தால், பாரிஸ்டேலில் தங்குவதை முதலிலேயே திட்டத்தில் வைத்திருப்பேன். புது பூட்ஸை முன்கூட்டியே இரண்டு வாரம் போட்டுப் பழகியிருக்க வேண்டும். வலித்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பும்போதே பேசியிருக்க வேண்டும். நம் வீடுகளில் பெரியவர்கள் தன் வலியைச் சொல்ல மாட்டார்கள், அதைத் தெரிந்தவர்கள்தான் நாங்கள்.

தங்கும் வீட்டில் ஏழு மணிக்கு வருவோம் என்று மட்டும் சொன்னது இன்னொரு பிசகு. எந்த வழியாக, எத்தனை பேர், வழியில் எங்கே தங்க நேரலாம், எந்த நேரத்துக்குப் பிறகு கவலைப்பட வேண்டும் என்று நாலு வரி முன்கூட்டியே கொடுத்திருந்தால் அந்த அம்மாள் ஒன்பதரை வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க மாட்டார். பிரிட்டனில் 999க்குக் குறுஞ்செய்தி அனுப்ப முன்பதிவு வசதி இருக்கிறது. பேசுவதற்குப் போதாத சிக்னலிலும் குறுஞ்செய்தி சில நேரம் போய்விடும். எங்களில் ஒருவர்கூடப் பதிவு செய்திருக்கவில்லை.

என்னை அதிகம் வருத்துவது அரிசி மூட்டைதான். ஐந்து நாள் சாப்பாட்டைக் கிளாஸ்கோவில் வாங்கிச் சுமந்து வந்தோம். அந்தப் பாரம் அக்காவின் காலைக் கெடுத்தது. அதைவிட, அந்தக் காசில் பெரும்பகுதி ஊர்க் கடைக்குப் போயிருக்க வேண்டும். பஞ்சத்திலும் கப்பலிலும் நீதிமன்றத்திலும் இழந்ததை இவர்கள் 1999இல் காசு திரட்டி மீட்டார்கள். அந்த ஊர் நிற்பது கடையிலும் விடுதியிலும் படகிலும் நாம் செலவழிக்கும் காசில். சைவம் என்று ஒரு நாள் முன்னால் சொன்னால் பப்பில் செய்து தருகிறார்கள். மூன்றாம் நாள் இரவு சாப்பிட்டோம், பருப்பு சூப்பும் சூடான ரொட்டியும்.

ஐந்தாம் நாள் காலைப் படகில் மாலெய்க் வந்து, ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து கிளாஸ்கோ திரும்பினோம். வரும் மே மாதத்துக்கு இடம் சொல்லியாகிவிட்டது. போகும்போதும் படகுதான். ஐந்து இரவும் ஊரிலேயே. பையில் முதல் நாள் சாப்பாடு மட்டும், அப்புறம் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல்; அதை அந்த அம்மாள் ருசி பார்க்கக் கேட்டிருக்கிறார். லார்வெனுக்கு மூன்று நாள் ஒதுக்கியிருக்கிறோம், மேகம் எந்த நாளை விடுகிறதோ அந்த நாளில் ஏறுவோம். அக்கா இப்போதே அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறார்.